பழைய பாய்மரப் படகை ஆழ்கடலுக்குத் தயார் பண்றது: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

கடலூர் முதுநகர் பக்கம் ஃபைபர் போட் ரிப்பேர்லதான் நான் கை பழகினேன். 2004 சுனாமிக்கு அப்புறம் ஊர் ஊருக்கு ஃபைபர் போட் வந்து குவிஞ்சப்ப ஆரம்பிச்ச வேலை. அப்புறம் புதுச்சேரி தேங்காய்த்திட்டுல 1970கள்ல கட்டின 32 அடி பாய்மரப் படகு ஒன்னை ஒரு நண்பரோட சேர்ந்து நாலு வருஷம் பிரிச்சுப் போட்டு சரி பண்ணோம். அதுக்கப்புறம் கப்பல் வேலைக்குப் போயிட்டு லீவுல வர்ற பசங்க, பீச்ல பாய்மரம் ஓட்டப் பழகினவங்க, கொச்சி கோவா பக்கம் பழைய போட் பார்த்துட்டு வர்றவங்கன்னு ஆள் மாத்தி ஆள் அதே கேள்விகளை கேக்குறாங்க. அவங்க கேட்ட மாதிரியே போட்டு, எனக்குத் தெரிஞ்ச பதிலை கீழ எழுதிருக்கேன்.

அண்ணே, 40 வருஷம் பழைய போட்ல கடல் தாண்டுறேன்னு சொன்னா வீட்ல பைத்தியம்ங்கறாங்க. நிஜமாவே முடியுமா?

முடியும். உலகத்தை நிக்காம தனியா முதல்ல சுத்தி வந்த ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டனோட சுஹாய்லி 32 அடி தேக்கு போட், நம்ம பம்பாய்ல கட்டினது. 1968 ஜூன்ல கிளம்பி 1969 ஏப்ரல்ல கரை சேர்ந்தார், 312 நாள். நடுவுல அடிப்பலகை இடுக்குல தண்ணி கசிஞ்சப்ப அவரே கடல்ல முங்கி அடைச்சார். அந்தப் பயணத்தை நினைச்சு நடத்துற கோல்டன் குளோப் ரேஸ்ல 1988க்கு முன்னாடி வரைஞ்ச டிசைன், 32ல இருந்து 36 அடி, முழு நீள கீல் (போட் கவிழாம இருக்க அடியில இருக்கிற கனத்த பாகம்), இப்படிப்பட்ட போட்டுக்குத்தான் அனுமதி. நம்ம அபிலாஷ் டோமி ரஸ்ட்லர் 36 ரகத்துல பயானத்ங்கற போட்ல ஓடி 2023 ஏப்ரல் 29ல ரெண்டாவதா வந்தார். எல்லாம் பழைய டிசைன்தான்.

அந்தக் காலத்து ஃபைபர் ஹல், அதாவது போட்டோட உடம்பு, பொதுவா நல்ல தடிமன், எவ்ளோ போதும்னு அப்ப யாருக்கும் சரியா தெரியாததால தாராளமா போட்டுட்டாங்க. அதனால ஹல் 50 வருஷம் கூட தாங்கும். அதுல மாட்டின இரும்பு, ஒயர், வால்வு, ரப்பர், கரண்ட் ஒயர் இதெல்லாம் தாங்காது. பழைய போட் வாங்குறவர் ஹல்லை மட்டும் வாங்குறார், மத்த எல்லாத்தையும் புதுசா வாங்கணும்னு நினைச்சுக்கங்க, அப்பதான் கணக்கு சரியா வரும்.

ரொம்ப மலிவா ஒன்னு வருது, வருஷக்கணக்கா கட்டிப்போட்டது. வாங்கலாமா?

போட் விலை எவ்ளோவோ அதே அளவு இன்னொரு தடவை கைல ரெடியா இருக்கணும், அதுவும் நீங்களே கை வேலை பண்றதா இருந்தா. எல்லாத்தையும் ஆள் வச்சு செஞ்சா ரெண்டு மூணு மடங்கு ஆகிடும். மலிவா கிடைக்கிற போட்ல பெரும்பாலும் டெக்கும் (மேல்தளம்) ரிக்கிங்கும் (பாய்மரக் கம்பத்தைப் பிடிக்கிற ஒயர்கள்) ஒன்னா போயிருக்கும், அந்த ரெண்டும்தான் அதிகமா காசு தின்னும். மாஸ்ட் (பாய்மரக் கம்பம்) நேரா இருக்கு, இன்ஜின் சுத்துது, டெக் கெட்டியா இருக்குன்னா கொஞ்சம் கூட குடுத்து அதை வாங்குறது லாபம்.

வெளிநாட்டுக் கொடி போட்ட போட்டை இங்க வச்சு வாங்குறதா இருந்தா கஸ்டம்ஸ் வரியை முதல்ல கேட்டுக்கங்க. அதை மறந்துட்டு அட்வான்ஸ் குடுத்து மாட்டினவங்களை பார்த்திருக்கேன், போட் ஒரு பக்கம் பேப்பர் ஒரு பக்கம்னு வருஷம் ஓடிடும்.

எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னே புரியல. முதல்ல எதுல கை வைக்கணும்?

எல்லாரும் கேபின் உள்ளதான் கை வைக்கிறாங்க. மெத்தை, கிச்சன், லைட், பெயின்ட். செஞ்சா கண்ணுக்குத் தெரியும், மனசுக்கு சந்தோஷம், எனக்கும் புரியுது. ஆனா கடல் கேக்குற வரிசை வேற. முதல்ல தண்ணி உள்ள வரக்கூடாது, அடுத்து மாஸ்ட் நிக்கணும், அடுத்து சுக்கான் வேலை செய்யணும். இந்த மூணும் முடிஞ்சப்புறம் இன்ஜின், கரண்ட், தண்ணி டேங்க். கடைசியாத்தான் மெத்தை.

இதை நான் இவ்ளோ அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. கேபினை அழகா முடிச்சிட்டு அப்புறம் மாஸ்ட் ஒயரைப் பிடிக்கிற செயின்பிளேட்டைக் கழட்ட அதே கேபினை உடைக்க வேண்டியதா போச்சு எங்களுக்கு. ஐஎஸ் 710 மரைன் பிளைவுட் வாங்கி ஆறு மாசம் செஞ்ச அலமாரி, ரெண்டு நாள்ல ரம்பத்துல போச்சு. கீழ வர்ற கேள்விகளும் ஏறக்குறைய இந்த வரிசையிலயே இருக்கு.

புதுச்சேரியில மெரினாவே இல்லையே, போட்டை எங்க ஏத்தி வேலை பாக்குறது?

வெளிநாட்டு வீடியோல தண்ணி வடிஞ்சதும் போட்டை சுவர்ல சாய்ச்சு வச்சு அடிப்பாகம் பெயின்ட் அடிக்கிறாங்களே, அது இங்க நடக்காது. நம்ம கரையில ஏத்த வத்தம் ஒரு மீட்டர் கூட தேறாது, ஒன்றரை மீட்டர் கீல் இருக்கிற போட் எப்பவும் மிதந்துட்டேதான் இருக்கும். அதனால கிரேன்தான். 32 அடி போட் 5 டன் சுமாருக்கு வரும், பழுதா தண்ணி குடிச்சிருந்தா இன்னும் கூட. 12 டன் ஹைட்ரா கிரேன் வண்டின்னா 12 டன்னும் பக்கத்துல வச்சு தூக்கினாத்தான், கையை நீட்ட நீட்ட தூக்குற எடை மளமளன்னு குறையும். ஜெட்டி விளிம்புல இருந்து போட் நடு எவ்ளோ தூரம்னு அளந்து ஆபரேட்டர் கிட்ட லோடு சார்ட் காட்டச் சொல்லுங்க. இரும்பு ரோப் வேணாம், அகல பெல்ட்டுதான், ரெண்டு பெல்ட்டையும் போட் மேலயே கயிறு போட்டு ஒன்னோட ஒன்னு கட்டிடணும், இல்லன்னா அணியம், அதாவது முன்பக்க பெல்ட் நழுவும்.

உள்ள வர்றதுக்கே முகத்துவாரம் ஒரு சிக்கல். தேங்காய்த்திட்டு வாயில மணல் அடைச்சுக்கும், தூர் வாருவாங்க, திரும்ப அடைக்கும். ஒன்றரை மீட்டர் ஆழம் வேணும்னா அன்னைக்கு காலைல வந்த விசைப்படகுக்காரங்க கிட்ட கேட்டுட்டு ஏத்தத்துல வாங்க, மேப்ல இருக்கிற ஆழத்தை நம்பாதீங்க. கடலூர் முதுநகர் பக்கமும் இதே கதைதான்.

கரையில ஏத்தியாச்சேன்னு ஐப்பசியில இருந்து மார்கழி வரைக்கும் அசந்துடக் கூடாது. தானே புயல் 2011 டிசம்பர் 30ல கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுலதான் ஏறுச்சு, ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30ல இங்கதான். ஃபெஞ்சல்ல புதுச்சேரியில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. காக்பிட் (உக்காந்து போட் ஓட்டுற பள்ளம்) டிரெய்ன்ல இலை அடைச்சிருந்தா அந்த மழை நேரா கேபினுக்குள்ளதான் போகும். மாஸ்டை இறக்கி வைங்க, முட்டுக் கட்டைகளை செயின் போட்டு எதிரெதிரா இழுத்துக் கட்டுங்க, தரையில கல்லு கெட்டியா இருக்கான்னு பாருங்க. மழையில மண்ணு இளகி முட்டு சாஞ்சுதான் போட் விழுது.

ஹல்லுல அடியில கொப்புளம் கொப்புளமா இருக்கு. போட் போச்சா?

போகல. பழைய பாலியெஸ்டர் ரெசின்குள்ள தண்ணி மெதுவா ஊறி, அங்க கரையுற பொருளோட சேர்ந்து அழுத்தம் ஏறி ஜெல்கோட்டை, அதாவது வெளிப்பூச்சைத் தூக்குது. குத்திப் பார்த்தா வினிகர் மாதிரி நாத்தத்தோட தண்ணி பீச்சும், கண்ணாடி போட்டுக்கிட்டு குத்துங்க. அங்கங்க பத்து இருபதுன்னா சீவி எடுத்து, நல்ல தண்ணியில அடிக்கடி கழுவி, காய விட்டு, எபாக்ஸி (ஹார்ட்னர் கலந்து இறுக வைக்கிற ரெசின்) போட்டு நிரப்பினா போதும். ஹல் முழுக்க அம்மை போட்ட மாதிரி இருந்தா ஜெல்கோட்டையே சீவணும், அது பெரிய வேலை.

காய விடுறதுலதான் எல்லாரும் அவசரப்படுறாங்க. தையில ஏத்தி வைகாசி வரைக்கும் விட்டா நம்ம வெயில் நல்லாவே வேலை செய்யும். மழைக்காலத்துல ஏத்தி ரெண்டு வாரத்துல எபாக்ஸி அடிச்சா தண்ணியை உள்ள வச்சுப் பூட்டின மாதிரி.

நம்ம ஊர்லயே ஃபைபர் போட் கட்டுற ஆளுங்க இருக்காங்களே, அவங்களே பண்ணிடுவாங்கல்ல?

கை வேலைன்னா அவங்களை அடிச்சுக்க ஆளில்ல. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு பக்கம் அலையில மோதி ரெண்டா பொளந்த போட்டை மூணு நாள்ல கடலுக்கு அனுப்புற ஆளுங்க அவங்க. கண்ணாடி நார் மேட் எப்படி நனையணும், ரோலர் எப்படி ஓட்டணும், காத்துக் குமிழ் எங்க நிக்கும்னு விரல்லயே தெரியும். அந்தத் திறமையை கண்டிப்பா கூட வச்சுக்கங்க.

ஆனா பொருள் வேற. மீன்பிடி போட்டுக்கு சாதாரண பாலியெஸ்டர் ரெசின் போதும், பழசானா அடுத்தது. பழைய ஹல்லு மேல ஒட்டுப் போடுறப்ப அது ஒட்டுற பலம் கம்மி, அதுக்கு எபாக்ஸி வேணும். எபாக்ஸி பழைய பாலியெஸ்டரைப் பிடிச்சுக்கும், ஆனா எபாக்ஸி மேல திரும்ப பாலியெஸ்டர் போட்டா சரியா பிடிக்காது, அதனால எந்த இடத்துல எது போட்டோம்னு நோட்ல எழுதி வைங்க. இன்னொன்னு, கடையில வாங்குற சாதாரண மேட்ல நாரைப் பிடிச்சு வச்சிருக்கிற பசை ஸ்டைரீன்ல கரையுற மாதிரி செஞ்சது. எபாக்ஸில ஸ்டைரீன் இல்ல, அதனால மேட் விறைப்பாவே நிக்கும். எபாக்ஸிக்கு நெய்த துணி வாங்குங்க. எபாக்ஸில கலக்குற அளவையும் கண் மதிப்புல ஊத்தக் கூடாது. பாலியெஸ்டர்ல கேட்டலிஸ்ட் கொஞ்சம் முன்னப் பின்ன போனாலும் இறுகும், எபாக்ஸில ஹார்ட்னர் அளவு தப்பினா என்னைக்கும் பிசுபிசுன்னே இருக்கும். தராசு வைங்க. சித்திரை வெயில்ல டப்பாவுலயே புகைஞ்சு கட்டியாகிடும், 10 டிகிரி ஏறினா கைல இருக்கிற நேரம் பாதியா குறையும்னு ஒரு கணக்கு. ஸ்லோ ஹார்ட்னர் வாங்கி காலைல 9 மணிக்குள்ள முடிங்க.

புதுசா வேலைக்கு வர்ற பசங்களுக்கு நான் முதல் நாளே சொல்றது இது. பாலியெஸ்டர் வேலையில இறுக வைக்கிற கேட்டலிஸ்டும் அதை வேகப்படுத்துற கோபால்ட்டும் நேருக்கு நேர் கலக்கக் கூடாது, வெடிக்கும். ஒன்னை ரெசின்ல நல்லா கலக்கினப்புறம்தான் இன்னொன்னு. ரெண்டு பாட்டிலையும் ஒரே பெட்டியில வைக்காதீங்க.

டெக்ல நடந்தா மெத்து மெத்துன்னு அமுங்குது. மேல ஒரு லேயர் ஃபைபர் போட்டா சரியாகிடுமா?

ஆகாது. ரெண்டு ஃபைபர் தோலுக்கு நடுவுல பால்சா கட்டையோ பிளைவுட்டோ வச்சுத்தான் பழைய டெக் பண்ணிருப்பாங்க. போல்ட் ஓட்டை வழியா தண்ணி இறங்கி அந்தக் கட்டை ஊறி மக்கிடும். மேல எத்தனை லேயர் போட்டாலும் நடுவுல சோறு மாதிரி இருக்கிறது கெட்டியாகாது. பிளாஸ்டிக் சுத்தியல் பின்னால தட்டிட்டே போங்க, டங்குன்னா நல்லது, டப்புன்னா போச்சு. சாக்பீஸ்ல கோடு போட்டுக்கங்க. மேல் தோலை வெட்டித் தூக்கி, மக்கினதை சுரண்டி, காய வச்சு, புதுக் கட்டை வச்சு, அதே தோலை எபாக்ஸில திரும்ப ஒட்டணும்.

திரும்ப வராம இருக்கணும்னா ஒவ்வொரு போல்ட் ஓட்டையையும் பெருசா துளைங்க, 8 மில்லி போல்ட்டுக்கு 16 மில்லி ஓட்டை, அடியில டேப் ஒட்டி கெட்டியா கலக்கின எபாக்ஸி ஊத்தி நிரப்புங்க, காஞ்சதும் நடுவுல 8 மில்லி போடுங்க. இப்ப தண்ணி கசிஞ்சாலும் கட்டையை தொடாது. ஹார்டுவேர் கடை சிலிக்கான் மட்டும் வேணாம், அது பட்ட இடத்துல அப்புறம் எதுவும் ஒட்டாது. பியூட்டைல் டேப் வாங்கி வைங்க.

செயின்பிளேட் பளபளன்னு இருக்கு, துரு பொட்டு கூட இல்ல. அதையும் ஏன் கழட்டணும்?

மாஸ்டைப் பிடிச்சு நிக்கிற ஒயரெல்லாம் போட்டோட இணையுற எஃகுப் பட்டைதான் செயின்பிளேட். வெளிய தெரியுற பாகம் காத்து படுறதால பளபளன்னே இருக்கும். டெக்குக்குள்ள சீலன்ட்ல புதைஞ்ச ஒரு இன்ச்லதான் வியாதி. ஸ்டெயின்லெஸ் எஃகு துருப்பிடிக்காம இருக்கணும்னா ஆக்சிஜன் வேணும், ஈரம் இருந்து காத்து இல்லாத இடுக்குல அது உள்ளயே பிளந்துகிட்டு போகும்.

எங்க போட்ல ஆறு செயின்பிளேட். போட்டைப் பார்த்துச் சொன்ன ஒருத்தர் இதெல்லாம் நல்லா இருக்கு தொடாதீங்கன்னார், நாங்களும் ஒரு வருஷம் தொடல. அப்புறம் மனசு கேக்காம கழட்டினோம். மூணாவதை வைஸ்ல வச்சு லேசா தட்டினேன், டெக் இருந்த இடத்துல கையோட வந்துடுச்சு, முறிஞ்ச இடத்துல முக்கால்வாசி பழுப்பு, கால்வாசிதான் புது உலோகம். அந்தக் கால்வாசியில ஒரு வருஷம் மாஸ்ட் நின்னிருக்கு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. ஆறையும் 316 ரக ஸ்டெயின்லெஸ்ல புதுசா, பழசை விட ஒரு பங்கு தடிமனா வெட்டி மாட்டினோம்.

கழட்டினதை சந்தேகமா இருந்தா டை பெனிட்ரன்ட் டெஸ்ட் போடுங்க, சிவப்பு சாயம் அடிச்சு துடைச்சு வெள்ளை அடிச்சா விரிசல் சிவப்பு கோடா தெரியும். சிப்காட், நெய்வேலி பக்கம் ஃபேப்ரிகேஷன் வேலை பாக்குற வெல்டர்களுக்கு இது தினப்படி வேலை, ஸ்ப்ரே டப்பா செட்டா கிடைக்குது.

ரிக்கிங் ஒயர் ஹார்டுவேர் கடையிலயே கிடைக்குதே, அதே ஸ்டெயின்லெஸ்தானே?

கடையில சுத்தி வச்சிருக்கிறது பெரும்பாலும் 304, வளையுற ரகம். மாஸ்டைப் பிடிக்க 316, ஒன்னு பெருக்கல் பத்தொன்பதுன்னு சொல்ற விறைப்பான ரகம் வேணும், 19 கம்பி ஒரே முறுக்குல. வளையுற ரகம் பாரம் ஏறினா நீளும், மாஸ்ட் ஆடும். பழைய ஒயர் 10 வருஷம் தாண்டிருந்தா எவ்ளோ நல்லா தெரிஞ்சாலும் மாத்துங்க, நம்ம உப்புக் காத்துக்கும் வெயிலுக்கும் அதுக்கு மேல நம்பக்கூடாது.

நுனியில மெஷின்ல அழுத்தி மாட்டுற டெர்மினல்தான் முதல்ல விரிசல் விடும், அதுவும் தண்ணி தேங்கி நிக்கிற கீழ் நுனி. ஸ்பேனர் வச்சு கையாலயே மாட்டுற மெக்கானிக்கல் டெர்மினல் விலை கூடத்தான், ஆனா நடுக்கடல்ல நீங்களே மாத்தலாம். உங்க மாஸ்ட்ல இருக்கிறதுல ரொம்ப நீளமான ஒயர் அளவுக்கு ஒரு ஸ்பேர் சுருட்டி எடுத்துட்டுப் போங்க.

தண்ணி வால்வு எல்லாம் இறுகிப் போச்சு. பிளம்பிங் கடை பித்தளை வால்வு போட்டா என்ன?

ஹல்லுல ஓட்டை போட்டு வச்சிருக்கிற இடத்துல வீட்டு பித்தளையா? உப்புத் தண்ணியில பித்தளையில இருக்கிற துத்தநாகம் கரைஞ்சு போயிடும், மிச்சம் இருக்கிறது ரோஸ் கலர்ல ஸ்பாஞ்ச் மாதிரி செம்பு. பார்க்க வால்வு மாதிரியே இருக்கும், காலால ஒரு இடி இடிச்சா உடையும். வெண்கலம், இல்லன்னா கடலுக்குன்னே செஞ்ச உறுதியான பிளாஸ்டிக் ரகம் போடுங்க.

கணக்கு பாருங்க. தண்ணி மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழ ஒன்றரை இன்ச் ஓட்டை திறந்துட்டா நிமிஷத்துக்கு 140 லிட்டர் சுமார் உள்ள வரும். 2000 கேலன்னு எழுதிருக்கிற பில்ஜ் பம்ப் (போட் அடியில சேர்ற தண்ணியை வெளிய இறைக்கிறது) மணிக்கு அவ்ளோ, அதாவது நிமிஷத்துக்கு 126 லிட்டர், அதுவும் குழாய் நீளமோ உயரமோ இல்லாம. அதனால பம்ப் இருக்கேன்னு தைரியம் வேணாம். ஒவ்வொரு வால்வு பக்கத்துலயும் அந்த ஓட்டைக்கு ஏத்த கூம்பு மாதிரி செதுக்கின மெதுக் கட்டை ஒன்னு கயிறுல கட்டித் தொங்கணும். தேவையில்லாத ஓட்டையை ஃபைபர் போட்டு மூடிடுங்க. எங்க போட்ல ஒன்பது இருந்துச்சு, நாலாக்கிட்டோம்.

கீல் போல்ட்டும் கழட்டிப் பார்க்கணுமா?

கீல் ஹல்லுக்குள்ளயே ஃபைபர்ல மூடி வார்த்ததா இருந்தா போல்ட்டே இல்ல, அடியில தரை தட்டின இடத்துல தண்ணி புகுந்திருக்கான்னு மட்டும் பாருங்க. போல்ட் போட்டு மாட்டினதா இருந்தா கீலுக்கும் ஹல்லுக்கும் நடுவுல முன்பக்கம் விரிசல் தெரியுதா, உள்ள நட்டைச் சுத்தி துருத்தண்ணி நிக்குதான்னு பார்த்து, சந்தேகம்னா ஒரு போல்ட்டாவது உருவிப் பாருங்க. 2014 மே மாசம் அட்லான்டிக்ல சீக்கி ரஃபிகிங்கற போட்ல கீல் கழண்டு நாலு பேர் இறந்தாங்க. தரை தட்டின போட்டை வெளிய மட்டும் பூசி விட்டிருக்காங்களான்னு கண்டிப்பா கேளுங்க, உள்ள ஹல்லைத் தாங்குற சட்டங்கள் விட்டுப் போயிருக்கலாம்.

சுக்கான் நல்லாத்தானே திரும்புது, அதுல என்ன பண்ண இருக்கு?

சுக்கான் உள்ள ஃபோம், நடுவுல எஃகுத் தண்டு, அதுல பற்ற வச்ச பட்டைகள். தண்டு ஃபைபருக்குள்ள நுழையுற இடத்துல தண்ணி இறங்கினா செயின்பிளேட்டுக்கு சொன்ன அதே வியாதி இங்கயும். போட்டைக் கரையில ஏத்தி ரெண்டு நாள் கழிச்சும் சுக்கான் அடியில சொட்டிட்டே இருந்தா திறக்க வேண்டியதுதான். வீல் இருக்கிற போட்ல வீலைக் கழட்டிட்டு அவசர டில்லர் (சுக்கானைத் திருப்புற கைப்பிடித் தண்டு) மாட்டி நிஜமாவே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க. பல போட்ல அது எதையாவது இடிக்கும், பாதிதான் திரும்பும்.

ரெண்டே பேர் போறதா இருந்தா காத்தாலயே சுக்கான் பிடிக்கிற விண்ட்வேன் வாங்குங்க, கரண்ட் வேணாம், ராத்திரி பகல் ஓட்டும். பழைய போட்டுக்கு நான் ஒரே ஒரு விலை உயர்ந்த பொருள் வாங்கலாம்னா அதைத்தான் வாங்குவேன்.

காக்பிட், கேபின் கதவு இதெல்லாம் மாத்தணுமா? கரையோரம் ஓட்டுறப்ப பிரச்சனையே இல்லையே.

1979 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகு ரேஸ்ல புயல் அடிச்சு 15 போட்டியாளர்கள் இறந்தாங்க. அப்புறம் நடந்த விசாரணையில வெளிவந்த ஒரு விஷயம், போட் கவிழ்ந்தப்ப கேபின் வாசல் பலகைகள் கழண்டு விழுந்து தண்ணி உள்ள பாய்ஞ்சது. ரேஸ்ல சின்ன போட்டுகளோட கிளாஸ்ல அஸென்ட்ங்கற ஒரே ஒரு 32 அடி கான்டெஸ்ஸாதான் முடிச்சுது, அதுவும் இந்த மாதிரி பழைய கனத்த ரகம்.

வாசல் பலகை உள்ளேயும் வெளியேயும் இருந்து பூட்டுற மாதிரி இருக்கணும், தலைகீழானாலும் விழக்கூடாது. காக்பிட் டிரெய்ன் ரெண்டு விரல் போற ஓட்டையா இருந்தா பெருசாக்குங்க, முழுசா தண்ணி நிரப்பிட்டு எத்தனை நிமிஷத்துல வடியுதுன்னு வாட்ச் வச்சுப் பாருங்க. பேட்டரி, அடுப்பு, டூல் பாக்ஸ் எல்லாம் தலைகீழ் ஆனாலும் நகராம பட்டை போட்டு இறுக்குங்க. பேட்டரி ஒன்னு பறந்து வந்தா ஆளு காலி.

இன்ஜினை நம்ம லேலண்ட் மெக்கானிக் பார்த்துக்குவாரா?

தாராளமா. டீசல் டீசல்தான், முதுநகர் மெக்கானிக்கு இன்ஜெக்டர், ஹெட் வேலை எல்லாம் தண்ணி பட்ட பாடு. ஸ்பேர் மட்டும் நீங்க முன்னாடியே வரவழைச்சு வைங்க: கடல் தண்ணி பம்ப் இம்பெல்லர், பெல்ட், ஃபில்டர், கேஸ்கெட். இன்ஜினை விட எனக்கு பயம் டேங்க்தான். பழைய டேங்க் அடியில கரும் சேறு படிஞ்சு கிடக்கும், அமைதியான தண்ணியில தெரியாது. முகத்துவாரத்துல அலை குலுக்குற நேரம் பார்த்து அது கலங்கி ஃபில்டர் அடைச்சு இன்ஜின் நிக்கும், மணல் திட்டு பத்து அடியில. டேங்க்ல கை நுழையுற மூடி வெட்டி சுத்தம் பண்ணுங்க, தண்ணி பிரிக்கிற ஃபில்டர் ரெண்டு வச்சு திருப்பிக்கிற மாதிரி மாட்டுங்க.

லித்தியம் பேட்டரி போட்டு சோலார் வச்சுட்டா கரண்ட் கவலை முடிஞ்சுதா?

400 வாட் சோலார் நம்ம வெயில்ல, பாய் நிழல் எல்லாம் கழிச்சா, ஒரு நாளைக்கு 12 வோல்ட்ல 100 ஆம்பியர் அவர் சுமார் தரும். ஃப்ரிட்ஜ் மட்டும் நம்ம சூட்டுக்கு 50 தின்னும். ஃப்ரிட்ஜ் இல்லாம போனா எல்லாமே சுலபம், நாங்க அப்படித்தான் போறோம், மோரும் ஊறுகாயும் கருவாடும் போதுமா இருக்கு.

லித்தியம் நல்லதுதான், ஆனா பழைய ஆல்டர்னேட்டரை நேரா மாட்டாதீங்க. அது கிடைக்கிற கரண்டை எல்லாம் இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகும், திடீர்னு பேட்டரி பாதுகாப்பு துண்டிச்சா டையோடும் போகும். நடுவுல டிசி டு டிசி சார்ஜர் போடுங்க. பேட்டரியில இருந்து கிளம்புற ஒயர்ல ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃபியூஸ் இருக்கணும். ஒயர் ஈயம் பூசினதா வாங்குங்க, வீட்டு ஒயர் உப்புக் காத்துல ரெண்டே வருஷத்துல உள்ள கருத்துடும்.

கரையில இருந்து தள்ளிப் போனா சிக்னல் இல்ல. சாட்டிலைட் போன் ஒன்னு வாங்கி வச்சுக்கட்டுமா?

இதுல விளையாடாதீங்க. துராயா, இரிடியம் போன்கள் நம்ம நாட்டுல அனுமதி இல்லாம வச்சிருந்தாலே கைது. சாட்டிலைட் வழியா மெசேஜ் அனுப்புற சின்ன கருவியை பையில வச்சிருந்த வெளிநாட்டுக்காரங்களே ஏர்போர்ட்ல மாட்டிருக்காங்க. டெலிகாம் துறை அனுமதியோட வர்றது மட்டும்தான் வழி.

கட்டாயம் வேணுங்கறது 406 மெகாஹெர்ட்ஸ் எபிர்ப்ங்கற ஆபத்து சிக்னல் கருவி. அமுக்கினா சாட்டிலைட் வழியா கோஸ்ட் கார்டுக்கு இடம் போகும். பெங்களூர்ல இருக்கிற இந்திய மிஷன் கன்ட்ரோல் சென்டர்ல உங்க பேர், போட் விவரம், வீட்டு நம்பர் பதிஞ்சிருக்கணும், வெளிநாட்டுல வாங்கின செகண்ட் ஹேண்ட் எபிர்ப்ல வேற நாட்டு கோடு இருக்கும், அதை மாத்தாம வச்சா தேடுற நேரம் வீணாகும். விஎச்எஃப் ரேடியோ லைசென்ஸோட வச்சுக்கங்க, சேனல் 16. கரையில இருக்கிற வீட்டுக்காரங்க கைல கோஸ்ட் கார்டு நம்பர் 1554 எழுதிக் குடுத்துட்டுப் போங்க.

எல்லாம் முடிச்சாச்சு, நேரா போர்ட் பிளேயர் போலாமா? எந்த மாசம்?

புதுச்சேரியும் போர்ட் பிளேயரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை, நேர் கிழக்கு, 760 கடல் மைல். ஒரு நாளைக்கு 120 மைல் ஓடினா ஆறேகால் நாளுக்கு கொஞ்சம் மேல. தண்ணி ரெண்டு மடங்கு நாளுக்கு வைங்க, ரெண்டு பேருக்கு ஆளுக்கு நாலு லிட்டர்னா நூறு லிட்டர் தாண்டும், ஒரே டேங்க்ல வேணாம், பாதியாவது 20 லிட்டர் கேன்ல.

ஐப்பசி முதல் மார்கழி வரைக்கும் பேச்சே இல்ல, புயல். சித்திரை வைகாசியிலயும் வங்காள விரிகுடாவுல புயல் உண்டாகும். கச்சான் (தென்மேற்கு) காத்து காலத்துல பின்காத்து கிடைக்கும்தான், ஆனா கடல் கொந்தளிப்பு, புதுசா சரி பண்ண போட்டுக்கு அது வேணாம். மாசி, பங்குனியில வாடை (வடகிழக்குக் காத்து) தளர்ந்திருக்கும், காத்து கம்மி, மெதுவாத்தான் போவீங்க, ஆனா அதுதான் முதல் பயணத்துக்கு ஏத்தது. கடல் தகவல் மையமான இன்காய்ஸோட அலை அறிவிப்பும் வானிலை மையமும் கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே பார்க்க ஆரம்பிங்க. திரிகோணமலைக்கு நேரா 220 மைல்தான், ரெண்டு நாள், ஆனா அது வெளிநாடு, கஸ்டம்ஸ் இமிக்ரேஷன் முத்திரை இல்லாம ஜெட்டியை விட்டு நகரக் கூடாது.

அதுக்கு முன்னாடி எங்கயாவது ஓட்டிப் பார்க்கணுமா? எப்ப ரெடின்னு எப்படித் தெரியும்?

தை மாசம் புதுச்சேரியில இருந்து சென்னைக்கு ஓட்டுங்க. நேரா 76 மைல், ஆனா வாடைக்கு எதிரா வளைஞ்சு வளைஞ்சு போனா நூறு தாண்டும், ஒரு ராத்திரியாவது கடல்ல. இன்ஜின் தொடாம. எதிர்க்காத்துல அலையில குத்திக் குத்திப் போறப்பதான் டெக் கசிவு, ரிக்கிங் தளர்வு, டேங்க் சேறு, அவ்ளோவும் வெளிய வரும். ராத்திரி வலைக்காரங்க கரையில இருந்து ரொம்ப தூரம் வரைக்கும் இருப்பாங்க, சின்ன டார்ச் வெளிச்சம்தான் இருக்கும், ஒருத்தர் முழிச்சுட்டே இருக்கணும், வலை மிதவை மேல ஏறிடாதீங்க, அது அவங்க பொழப்பு.

எங்க முதல் சென்னை ஓட்டத்துல 43 குறை எழுதினோம். படுக்கை மேல சொட்டின ஜன்னல்ல இருந்து மாஸ்ட் உச்சியில கழண்ட ஒரு பின் வரைக்கும். சரி பண்ணிட்டு திரும்ப ஓட்டினோம், 17. மூணாவது தடவை 6, அந்த ஆறுல ஒன்னு கூட தண்ணி, மாஸ்ட், சுக்கான் சம்பந்தப்பட்டது இல்ல. அதுக்கு அடுத்த மாசிலதான் கிழக்கே கிளம்பினோம்.